காணாது காத்தல்

ஒரு பொருளைப் பகைத்தவன் அழிப்பதுண்டு. அதனைப் பேணாதவன் அழியவிடுவதும் உண்டு. இவ்விரண்டையும் நாம் நன்கறிவோம். மிக விரும்பியவன் தன் விருப்பத்தினாலேயே அதனை அழித்துவிடுதலும் உண்டென்பதை நாம் அத்துணை எளிதாக ஒப்புக்கொள்வதில்லை. மனித குலத்தின் தொன்மைச் சித்திரங்களுள் முதல் வரிசையில் வைத்தெண்ணப்படும் லாஸ்கோக் குகை ஓவியங்களுக்கு நேர்ந்தது இம்மூன்றாம் வகைக் கேடேயாகும். அக்குகை 1963ஆம் ஆண்டு தொட்டுப் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருக்கின்றது. மூடியது தக்கதே என்பதும், மூடியவர் அத்துடன் தம் கடன் தீர்ந்ததென்று இருத்தல் தகாதென்பதும் ஈண்டு நாம் சொல்லப் புகுந்தவை.

கடல் கடந்த ஒரு குகையைப் பற்றி எமது கல்லூரி விழா மலரில் எழுதுவானேன் எனச் சிலர் நினைத்தல் கூடும். எமது பழைய மாணவருட் கணிசமானோர் இன்று பிரான்சு தேசத்தில் வாழ்கின்றனர். விடுமுறைக் காலத்திலே தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லாஸ்கோவுக்குச் சென்று வந்தோர் சிலர் எமக்கு எழுதிய மடல்களிலே ஒரே முறைப்பாடு காணப்படுகின்றது. "மெய்க் குகையைக் காட்டவில்லை, சேர், சீமெந்தினாற் செய்த போலிக் குகையொன்றைக் காட்டிக் காசு வாங்கிவிட்டார்கள்" என்பதே அது. தமிழாசிரியரிடம் வந்து இதனை முறையிடுவதற்குக் காரணம், குறிப்புப் புத்தகங்களை நம்பாதீர்கள், மூலத்தைப் படியுங்கள் என்று வகுப்பிலே நாம் ஓயாது கூறியதாகவே இருத்தல் வேண்டும். கூறியதை நாம் மீட்டுக்கொள்ளப் போவதில்லை. ஆயினும் முறைப்பாட்டை ஏற்பதற்கும் இல்லை.

லாஸ்கோ பிரான்சின் தென்மேற்கில், தொர்தோஞ் என்னும் மாவட்டத்தில், வெசேர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே, மொந்தின்யாக் என்னும் சிற்றூரை அடுத்த சுண்ணக்கற் குன்றொன்றினுள் இருப்பது. அதனுள்ளே தீட்டப்பெற்றும் கல்லிற் கீறப்பெற்றும் உள்ள உருவங்களும் குறிகளும் ஏறத்தாழ 2,000 என்பர். அவற்றின் வயது 17,000 ஆண்டு என்பது நெடுங்காலம் வழங்கிவந்த கணக்கு. அண்மைக் காலத்து ஆய்வாளர் சிலர் 21,000 ஆண்டளவுக்குக் கொண்டு செல்வர். அக்காலத்தில் அந்நிலத்திலே உழவில்லை, எழுத்தில்லை, உலோகமில்லை. வேட்டையாடி உண்ட மாந்தர், குழிந்த கல்லிலே விலங்குக் கொழுப்பை இட்டு எரித்த சிறு விளக்கின் ஒளியில், பகலென்பதை அறியாத அவ்விருளினுட் புகுந்து இவற்றை எழுதினர். செம்மணற்கல்லிற் கைபிடியோடு செதுக்கப்பெற்ற அத்தகைய விளக்கொன்றை அருட்டந்தை அந்திரே குளோறி என்பவர் 1960ஆம் ஆண்டு அக்குகையிலேயே கண்டெடுத்தார். எமது வீட்டு மாடத்து விளக்கைக் கண்டவர்களுக்கு அதன் வடிவம் அந்நியமாகத் தோன்றாது.

எருதுகளின் மண்டபம் எனப் பெயரிய அறையிலே உள்ள காட்டெருதுகளுள் ஒன்று ஐந்து மீற்றருக்கு மேற்பட்ட நீளமுடையது. தொகையால் மிக்கன குதிரைகள். ஓரிடத்திலே கலைமான்கள் ஐந்து, ஆறொன்றை நீந்திக் கடப்பன போலத் தலையை மட்டும் உயர்த்தி வரிசையாகச் செல்கின்றன. செங்காவி, மஞ்சட்காவி, மங்கனீசுக் கருமை ஆகிய இம்மூன்றையும் கொண்டே இத்தனையும் ஆக்கினர். கற்சுவர் புடைத்த இடத்தை விலங்கின் தோளாகவும், குழிந்த இடத்தை வயிறாகவும் கொண்டு, கல்லோடு ஒத்துப்போய் எழுதிய கை அது.

இன்னொன்றையும் சொல்லாது விடல் இயலாது. அங்கே கிடைத்த எலும்புகளைக் கொண்டு பார்க்கின், அம்மக்கள் பெரும்பாலும் உண்டது பனிமான் இறைச்சியே. பனிமான் உருவமோ அக்குகை முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான். உண்டதை அவர்கள் எழுதவில்லை. வேறெதனையோ கருதி எழுதினார்கள். மனித உருவமும் ஒன்றே: கிணறு போன்ற ஆழ்குழியொன்றிலே, குடல் சரிந்த காட்டெருமையின் முன்னர், பறவைத் தலையோடு சாய்ந்து கிடக்கும் ஒருவன். அதற்குப் பொருள் கூறினோர் பலர். ஒருவர் கூறியதை மற்றவர் ஒப்பியதில்லை. உரையாசிரியர் எவரும் வாய்க்கப்பெறாத மூலம் அது. மூலம் சிதைந்தால் உரையினின்று மீட்டுக்கொள்ளும் வழியும் அதற்கு இல்லை.

இனி, அக்குகை கண்டெடுக்கப்பட்ட வரலாற்றுக்கு வருவோம். ஆசிரியருக்கும் மாணாக்கருக்கும் இது சிறப்பாக உரியது.

1940ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆந் திகதி. பிரான்சு ஜெர்மனியிடம் தோல்வியுற்று மூன்று மாதமும் நிறையவில்லை. நாடு இரண்டாகப் பிளவுண்டு கிடந்தது. கராஜ் ஒன்றில் வேலை பழகிய மார்செல் ரவிதா என்னும் இளைஞன், சில நாட்களுக்கு முன் குன்றிலே தான் கண்ட பொந்தொன்றை ஆராயும் ஆவலால், ஜாக் மர்சால், ஜோர்ஜ் அன்யெல், சிமோன் கோஎன்காஸ் என்னும் மூன்று சிறுவரோடு சென்றான். பொந்தைத் தோண்டி அகலமாக்கி, வழுக்கி உள்ளே விழுந்து, விளக்கை உயர்த்திப் பார்த்தபோது சுவரெங்கும் விலங்குகள்.

எவர்க்கும் சொல்வதில்லையென்று அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை சில நாட்களே நின்றது. பின்னர் அவர்கள் தேடிச் சென்றது ஊர்த் தலைவரையும் அன்று, பத்திரிகைக்காரரையும் அன்று. லியோன் லவால் என்னும் இளைப்பாறிய உபாத்தியாயரையே. அவரோ பையன்கள் தம்மை ஏய்க்கப் பார்க்கிறார்கள் என்று முதலில் எண்ணினார். (ஆசிரியத் தொழில் புரிந்த எவரும் இதற்காக அவரைக் குறைகூறார்.) பிறகு உள்ளே சென்று கண்டார். கண்ட பின் அவர் பையன்களுக்கு இட்ட கட்டளை, எவரையும் சுவரைத் தொடவிடாதீர்கள், குகையைக் காவலின்றி விடாதீர்கள் என்பதே. மர்சாலும் ரவிதாவும் குகைவாயிலிலே கூடாரம் அடித்துக் காவலிருந்தனர். செப்டெம்பர் 21ஆந் திகதி, வரலாற்றுக்கு முந்திய கலையில் அக்காலத்துப் பேரறிஞராய் விளங்கிய அருட்டந்தை ஆன்றி புறோய் அங்கு வந்து, ஓவியங்கள் மெய்யாகவே தொன்மையானவை என உறுதி கூறினார். அவ்வாண்டு டிசெம்பரிலேயே குகை அரசின் பாதுகாப்புக்குட்பட்ட சின்னமாயிற்று.

நால்வருள் கோஎன்காஸ் யூதக் குடும்பத்துச் சிறுவன். அவன் பெற்றோர் பின்னர் அவுஷ்விற்ஸ் கொலைமுகாமிலே மாண்டனர். அவன் தப்பினான், நெடுங்காலம் வாழ்ந்து, நால்வரிலும் இறுதியானவராக 2020ஆம் ஆண்டு காலமானார். உயிருக்கே உறுதியில்லாத அந்நாட்களில், பசியும் அச்சமும் சூழ்ந்த ஓர் ஊரில், ஓர் ஆசிரியரும் சில பையன்களும் பழைய ஓவியங்களை எவரும் தொடாமற் பார்த்துக்கொள்வதைத் தம் வேலையாக ஏற்றனர் என்பதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு மேலிடுகின்றது. லவால் தொல்பொருளியல் கற்றுப் பட்டம் பெற்றவரல்லர். சிற்றூர்ப் பாடசாலை ஆசிரியர். அவர் குகையிலிருந்து வெளியேறிய கணத்தே உணர்ந்ததை, அவருக்குப் பின்வந்த பெரியோர் உணர்தற்கு இருபது ஆண்டுகள் சென்றன.

போர் முடிந்ததும் நிலத்துக்குரியோர் குகையைக் காட்சிக்குத் திறக்க முற்பட்டனர். வாயில் அகலமாக்கப்பட்டது; தரை வெட்டித் தாழ்த்தப்பட்டது; படிக்கட்டும் மின்விளக்கும் வந்தன. வெட்டியள்ளிய மண்ணோடு அம்மண்ணிற் படிந்து கிடந்த வரலாறும் போயிற்று. 1948ஆம் ஆண்டு யூலை 14ஆந் திகதி குகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. உலகம் திரண்டு வந்தது. 1955 அளவில் நாளொன்றுக்கு 1,200 பேர் உட்சென்று வந்தனர்.

வந்தவர்கள் தீயவர்களல்லர். சுவரைச் சுரண்டினாரில்லை, தம் பெயரைப் பொறித்தாருமில்லை. மூச்சுவிட்டார்கள், அவ்வளவே. மூச்சிலே காபனீரொட்சைட்டும் நீராவியும் உண்டு. உடம்பிலே சூடு உண்டு. சப்பாத்திலே மண்ணும், மண்ணிலே கண்ணுக்குத் தோன்றாத வித்துக்களும் உண்டு. காபனீரொட்சைட்டு கரைந்த நீர் சுண்ணக்கல்லை அரிக்கும். அரித்துக் கரைத்த சுண்ணத்தை வேறோரிடத்தில் வெண்படிகமாக ஓவியத்தின்மீது படியவிடும். மின்னொளி பட்ட சுவரிலே பச்சைப் பாசி பற்றும். முன்னையதற்கு வெண்ணோய் என்றும் பின்னையதற்குப் பச்சைநோய் என்றும் அந்நாட்டார் பெயரிட்டனர். காற்றைச் சீர்செய்ய 1950களின் பிற்பகுதியிலே பொறியொன்றை அமைத்துப் பார்த்தனர், போதவில்லை. 1963ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, நாவலாசிரியருமாகிய பண்பாட்டமைச்சர் அந்திரே மல்ரோ, குகையை மூடுவித்தார்.

இம்முடிபு எளிதில் எடுக்கத்தக்கதன்று என்பதை மறத்தல் கூடாது. ஓர் ஊரின் வருவாய் அதனை நம்பியிருந்தது. குகையைக் கண்டெடுத்த ரவிதாவும் மர்சாலுமே அங்கே வழிகாட்டிகளாகப் பணிபுரிந்து வந்தனர். வாயிலிற் படுத்துக் காவல் செய்தோரின் தொழிலையே கதவடைப்புப் பறித்தது. ஆயினும் பாசி பற்றிய ஓர் எருதின் முன்னே வருவாய்க் கணக்கை விரித்துக் காட்டுதல் எவ்வாறு?

"எவருங் காணாத ஓவியம் இருந்தென்ன, இல்லாதொழிந்தென்ன?" என்பது, மூடியமையை எதிர்ப்போர் எழுப்பும் முதல் வினா. எமது மரபில் வளர்ந்தோர் இதற்கு விடை தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கருவறையில் உள்ள மூலவர் வீதிக்கு எழுந்தருளுவதில்லை. தேரில் வருபவர் உற்சவர். கோயிற் படியேற இயலாத கிழவியும் நோயாளியும் தம் வீட்டுப் படலையில் நிறைகுடம் வைத்துக் காத்திருந்து உற்சவரைக் கண்டு கும்பிடுகின்றனர். போலியைக் காட்டி ஏய்த்துவிட்டார்கள் என்று அவர்களுள் ஒருவரேனும் முறையிட்டதாக நாம் கேட்டதில்லை. உள்ளே ஒன்று அசையாதிருக்கின்றது என்னும் நினைவே வெளியே வருவதற்குப் பொருள் தருகின்றது. இவ்வொப்புமையை அளவு கடந்து இழுப்பது எமது கருத்தன்று. லாஸ்கோவின் படி வழிபாட்டுக்குரியதன்று. எல்லாரும் கண்ணாற் கண்டால் மட்டுமே ஒரு பொருள் பயனுடையதாகும் என்னும் கொள்கை எமக்குரியதன்று என்பதே நாம் கூறுவது.

படியென்றால் இழிந்தது என்பது அடுத்த தடை. தமிழ் படித்தோர் வாயில் இச்சொல் வரலாகாது. பனையோலையின் ஆயுள் சில நூற்றாண்டே. பழந்தமிழ்ப் புலவர் ஒருவர் தம் கையால் எழுதிய ஏடு ஒன்றேனும் எம்மிடம் இல்லை. உள்ளன யாவும் படிக்குப் படியெடுத்த படிகளே. பூச்சி அரித்த ஏட்டைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதிய பெயரறியாதோர் இல்லாதிருந்தால், சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களுக்கும் உ. வே. சாமிநாதையர் அவர்களுக்கும் பதிப்பிப்பதற்கு யாது இருந்திருக்கும்? 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, அச்சிலே வேறு படிகள் உள்ள நூல்களைப் பின்னர் தேடி வாங்க முடிந்தது. வேறு படியில்லாத ஏடுகள் போனவை போனவையே. படியை எள்ளி நகையாடும் உரிமை உலகில் யார்க்கேனும் உண்டெனினும் எமக்கில்லை.

ஆயினும் வேறுபாடொன்றை ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும். செய்யுளைப் பிழையறப் பெயர்த்தெழுதினாற் செய்யுள் முழுவதும் வந்துவிடும். ஓலை வேறு, செய்யுள் வேறு. லாஸ்கோவிலே ஓவியமும் சுவரும் அவ்வாறு பிரிவனவல்ல. காவித் துகள் ஒவ்வொன்றும் எக்குன்றிலிருந்து வந்தது, எதனாற் பூசப்பட்டது, எக்கீறல் முந்தியது, எது பிந்தியது என்னும் வினாக்களுக்கு நாளைய கருவிகள் விடை காணுமாயின், அவை படியிடம் கேட்கமாட்டா, மூலத்திடமே கேட்கும். ஆதலால் படியெடுத்தோம், இனி மூலம் எக்கேடு கெட்டால் என்ன என்று இருத்தல் பெருந்தவறு. மூலத்தை வருத்தாதிருத்தற்பொருட்டே படி.

நிற்க. குகையை மூடியமை தக்கதென்ற நாம், மூடியோரின் செய்கைகள் யாவும் தக்கன என்று கூறினேமல்லேம். 1963க்குப் பின்னர் அறிஞர் குகையின் இயல்பை ஆண்டுக்கணக்கிற் கவனித்து, அதன் இயற்கைக் காற்றோட்டத்தை அனுசரித்து ஈரத்தை மட்டும் வாங்கும் எளிய பொறியொன்றை அமைத்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டு அது குற்றமின்றி வேலை செய்தது. 2000, 2001ஆம் ஆண்டுகளிலே அதனை நீக்கி, ஆற்றல் மிகுந்த புதிய குளிரூட்டும் பொறியொன்றைப் பூட்டினர். வேலையாட்கள் உள்ளே சென்று வந்தனர். 2001இலேயே பியூசேரியம் என்னும் வெண்பூஞ்சணம் தரையிலும் சுவரிலும் பஞ்சு விரித்தாற்போலப் பரவிற்று. தரையிலே சுண்ணாம்பைக் கொட்டினர். மருந்து தோய்த்த துணிகளைச் சுவரிலே ஒற்றினர். பூஞ்சணக்கொல்லியும் பற்றீரியாக்கொல்லியும் மாறி மாறித் தெளித்தனர். வெண்மை தணிந்தபின் கரும்புள்ளிகள் தோன்றின. இட்ட மருந்தே வேறு நுண்ணுயிர்கள் தழைப்பதற்கு இடஞ்செய்தது என்று பின்வந்த ஆய்வாளர் எழுதினர். 2008ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே, மூன்று மாதத்துக்கு விஞ்ஞானிகளும் உட்புகலாகாதென்று கதவை முற்றாக அடைக்க நேர்ந்தது. 2009ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரிலே பல நாட்டு அறிஞரும் கூடி இதனை ஆராய்ந்தனர்.

இக்கேட்டுக்குப் பொறியே காரணமா, பழைய மருந்துகளின் எச்சமா, வெளியுலகின் தட்பவெப்ப மாற்றமா என்பதில் அறிஞர் ஒருமைப்பட்டாரல்லர். அவ்வழக்கைத் தீர்க்கும் தகுதி எமக்கில்லை. ஆயினும் ஒன்று தெளிவு: உல்லாசப் பயணிகள் எவரும் உள்ளே இல்லாத காலத்தில், காவலர் கைவசம் இருந்த காலத்தில் நேர்ந்தது இது. நோயாளி அமைதியாக உறங்கும்போது புது மருந்து கொடுத்து எழுப்பிய வைத்தியரை எமது ஊரிலும் கண்டதுண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை மாற்றுமுன், ஏன் மாற்றுகின்றோம், மாற்றாவிடின் யாது குறை என்று ஊரறியக் கூறியிருத்தல் வேண்டும். எல்லாரும் பார்க்கக் கிடக்கும் பொருளுக்கு எல்லார் கண்ணும் காவல். கதவைச் சாத்தியவுடன் அக்காவல் போய்விடுகின்றது. அதற்கு ஈடாகச் சாத்தியவன் காலந்தோறும் கணக்குக் காட்டுதல் வேண்டும். சுவரின் இன்றைய நிலை யாது, எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எதன்பொருட்டு உட்சென்றனர் என்பன ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடத்தக்கன. (இதனை எமது கோயில் முகாமையாளர் எவரையும் கருதி எழுதினோமல்லோம். படிப்போர் தாமாகப் பொருத்திப் பார்ப்பின் அதற்கு நாம் பொறுப்பாளிகளல்லேம்.)

இன்னும் ஒரு குறை. 2010ஆம் ஆண்டு செப்டெம்பரிலே, கண்டெடுத்ததன் எழுபதாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, அந்நாட்டின் அன்றைய சனாதிபதி சார்க்கோசி அவர்கள் மூலக் குகைக்குட் சென்று பார்த்தார். ஒருவரது மூச்சினால் ஓவியம் உதிர்ந்துவிடாது என்பது மெய்யே. ஆயினும் விவசாயியின் மகனுக்கு ஆகாத மூச்சு சனாதிபதிக்கு எவ்வாறு ஆகும்? துறவு பூணுமாறு மக்களைக் கேட்பவர் முதலில் தாம் பூணுதல் வேண்டும். அவர் வாயிலிலேயே நின்று, உள்ளே செல்லாது திரும்பியிருப்பின், அதுவே நூறு அறிவித்தற் பலகைகளைக் காட்டிலும் நன்கு பேசியிருக்கும்.

ஸ்பானிய நாட்டு அல்தமீராக் குகையின் கதையும் ஏறக்குறைய இதுவே. அங்கே 1977இல் மூடி, 1982இல் சிறு தொகையினருக்குத் திறந்து, 2002இல் மீண்டும் மூடி, 2014இலே வாரத்துக்கு ஐவரைச் சீட்டெடுத்து உள்ளே விடும் முறையைக் கொணர்ந்தனர். சீட்டுக் குலுக்கல் எமக்கு உடன்பாடன்று. காத்தலும் முழுதாகாமல், காட்டலும் முழுதாகாமல், தொன்மையைப் பரிசுச்சீட்டு நிலைக்குக் கொண்டுவரும் செய்கை அது.

சோவே என்னும் குகையைக் காத்தவர்களே எம்மனத்துக்கு உகந்தவர்கள். தென்பிரான்சிலே ஆர்தெஷ் ஆற்றின் அயலில், 1994ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆந் திகதி மூவர் அதனைக் கண்டெடுத்தனர். ஓவியங்கள் ஏறத்தாழ 36,000 ஆண்டுப் பழமையுடையன. லாஸ்கோ அவற்றுக்குப் பேரப்பிள்ளை. கண்டெடுத்தோர் தரையிலுள்ள கரடியின் அடிச்சுவடுகளும் எலும்புகளும் குலையாவண்ணம் தாம் நடந்த வழியையே வழியாகக் கொண்டு, அதன்மீது பிளாத்திக்கு விரிப்பை விரித்துச் சென்றனர். அக்குகை பொதுமக்களுக்கு ஒரு நாளேனும் திறக்கப்படவில்லை. 2015ஆம் ஆண்டு அதற்கொரு படிக்குகை அமைத்துக் காட்டினர். லாஸ்கோ பட்ட பாடே சோவேக்குப் பாடமாயிற்று. மூத்தவன் அடிபட்டான், இளையவன் கற்றுக்கொண்டான். வகுப்பறையிலும் நாம் இதனைக் காண்கின்றோம்.

மாணாக்கர்க்கு ஒரு வார்த்தை. வெசேரை அடுத்த ரூபின்யாக் என்னும் குகையின் முகட்டிலே கம்பளியானைகளின் அழகிய கோட்டுருவங்கள் உள்ளன. அவற்றின்மீது, முன்னைய நூற்றாண்டுகளில் வந்து போனோர் தம் பெயர்களையும் திகதிகளையும் விளக்குப் புகையாற் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கின்றனர். அப்பெயருடையோர் யாரென்று இன்று எவருக்கும் தெரியாது. எவரும் தெரிந்துகொள்ள விரும்பியதுமில்லை. எமது மண்டபத்துத் தூண்களிலும், பின்வரிசை மேசைகளிலும் கவராயமுனை கொண்டு வரலாறு படைத்துவரும் மாணவர்கள் இதனைச் சற்றே ஓய்வாகச் சிந்திப்பாராக.

இனி லாஸ்கோவின் படிகளைப் பற்றிச் சிறிது கூறுவோம்; போலி என்னும் வசை அவற்றின்மேலன்றோ விழுந்தது. அருட்டந்தை குளோறி 1952 தொடக்கம் 1963 வரை, பயணிகள் வெளியேறிய பின் இரவிரவாகக் குகையினுட் சென்று, சுவரிற் கீறிய நுண்கோடுகளை ஒவ்வொன்றாகத் தாளிற் பெயர்த்தார். அவர் பெயர்த்தவற்றை இன்று ஆய்வாளர் மூலத்துக்கு அடுத்தபடியாக மதிக்கின்றனர். 1983ஆம் ஆண்டு திறக்கப்பட்ட முதற் படிக்குகைக்காக மொனிக் பெய்த்ரால் என்னும் ஓவியர் பத்தாண்டளவு உழைத்து, பழைய மாந்தர் கையாண்ட மண்ணிறங்களைக் கொண்டே ஒவ்வோர் எருதையும் எழுதினார். பத்தாண்டு! எமது ஏட்டுப் படியெடுப்போர் அவரைத் தம் இனத்தவராகவே கொண்டிருப்பர்.

அப்படிக்குகையும் மூலத்தின் அருகே, அதே குன்றின்மேல் அமைந்திருந்தமையால், ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோரும் அவர்தம் பேருந்துகளும் குன்றின் தலைமேல் வந்து குவியலாயினர். படியைக் காண வந்த கூட்டமும் மூலத்தை வருத்துமோ என்னும் அச்சம் எழுந்தது. ஆகவே 2016ஆம் ஆண்டு டிசெம்பரிலே குன்றின் அடிவாரத்தில் முழுமையான புதிய படியொன்றைத் திறந்தனர். எமது பழைய மாணவர்கள் கண்டது அதுவே. அங்கே கூட்டம் நெருங்கலாம், மூச்சு விடலாம், பிள்ளைகள் வினாவலாம், அழலாம். மேலே குன்றின் உள்ளே, இருட்டிலே, எருதுகள் தனித்திருக்கின்றன.

மூல ஓவியத்தையே கண்ணாற் காணவேண்டுமென்னும் வேட்கை தணியாதோர்க்கு, அப்பள்ளத்தாக்கிலேயே லெஸ் எசி என்னும் ஊரில் பொன்-த-கோம் என்னும் குகை இருக்கின்றது. பன்னிறத்திற் றீட்டிய காட்டெருமைகளை அங்கே இன்றும் காணலாம். நாளொன்றுக்கு வரையறுத்த தொகையினரையே, சிறு சிறு குழுக்களாக, வழிகாட்டியோடு உள்ளே விடுகின்றனர். ஆதலின் முற்கூட்டியே இடம் பதிந்துகொள்ளுதல் வேண்டும். செல்வோர் பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொள்க. ஒடுங்கிய வழியிலே தோளும் முழங்கையும் சுவரில் உராயாவண்ணம் நடக்க. வழிகாட்டி விளக்கை அணைத்து, நேரமாயிற்று என்று சொல்லும்போது, இன்னும் ஒரு முறை பார்த்துவிட்டு வருகிறோம் என்று கேளாமல் வெளியே வருக.